கடைசி நாற்காலியின் சிரிப்பு

எங்கள் மாமாவைப் பேருந்தில் முகம் பார்த்து யாரும் கண்டுபிடித்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஏதாவது சொல்லி, அதற்கு மாமா சிரித்துவிட்டால் போதும். முன்னால் இரண்டு தலைகள் திரும்பும்.

"சார், நீங்க டிவியில வர்றவர்தானே? அந்தக் கடைசிச் சேர்?"

"ஆமாங்க. அந்தச் சேர்தான் நான்."

அந்தச் சிரிப்பு அப்படிப்பட்டது. நெடுநாள் அடிக்காமல் கிடந்த கைப்பம்பைப் போல முதலில் இரண்டு மூன்று வெறுங்காற்று வரும். தோள் ஏறி இறங்கும். ஒன்றும் வராது போலிருக்கிறதே என்று நாம் நினைக்கிற நேரம் பார்த்துக் குபுகுபுவென்று கொட்டும். கேட்கிறவர்களுக்குக் காரணம் தேவைப்படாது, கூடவே சிரித்துவிடுவார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. மேடையில் தனியாளாக நின்று பேசிச் சிரிக்கவைப்பது அவர் தொழில். காலையில் வானொலி, வாரத்துக்கு ஒருநாள் தொலைக்காட்சி. எங்கள் வம்சத்தில் மண்வெட்டி பிடிக்காமல், மூட்டை தூக்காமல், வாயை வைத்துப் பிழைத்த முதல் ஆள் அவர்தான். கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் தேறிய அன்று காலை நிகழ்ச்சியில் சொன்னார்: "எங்க வீட்டுல ஒருத்தன் பட்டதாரி ஆயிட்டான். இனிமே எங்க வீட்டுச் சண்டை எல்லாம் எழுத்து மூலமாத்தான்." அம்மா தன் தையல் கடையில் அதைக் கேட்டுவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா சிரிக்கவைக்கப் பழகியது என் அப்பாவிடம்.

அப்போது நாங்கள் நகரத்தில் ஒற்றை அறையில் இருந்தோம். மாமா ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். அப்பாவுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. கூரை வரை உருளைக்கிழங்கு மூட்டைகள், நடுவில் ஒரு ஆள் போகிற அளவு சந்து, மேலே வெண்பனி பூத்த குழாய்கள். வெயில் கொளுத்துகிற நாளிலும் அப்பா கம்பளிக் கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். தெருவில் பார்க்கிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தூக்கமாட்டார். கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். சூடு வந்த பிறகுதான் தொடுவார்.

அந்த நேரம்தான் மாமாவின் நேரம். எதிரே நின்றுகொண்டு அன்று யோசித்த ஜோக்கைச் சொல்லிப் பார்ப்பார். அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறவர் இல்லை. பிடித்திருந்தால் தொடையில் ஒரே ஒரு தட்டு. தட்டு விழுந்தால் அந்த ஜோக் மேடைக்குப் போகும். விழாவிட்டால் அதோடு சரி.

"என்ன மச்சான், இதுக்கு ஒரு தட்டுக்கூட இல்லையா?"

"முடிவு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஊரைச் சுத்திட்டு வர்ற. நேரா வாடா."

அப்பாவிடமும் ஒரு ஜோக் இருந்தது. ஒன்றே ஒன்று. அது அவருடைய கிடங்கைப் பற்றியது. வருஷத்துக்கு ஓரிரு முறை, யாராவது விருந்தாளி வந்து "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் சொல்வார். அதை மேடையில் சொல்லிக்கொள்ளட்டுமா என்று மாமா எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். அப்பா விடவில்லை.

"அது உனக்கு வேண்டாம். உள்ள நின்னவன் சொன்னா அது ஜோக். வெளிய நின்னவன் சொன்னா அவனுங்களைக் கேலி பண்ற மாதிரி ஆயிடும்."

"சத்தியமா கேலி பண்ணமாட்டேன் மச்சான்."

"ஜெராக்ஸ் எடுக்காதடா. வேற பேசு."

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் கிடங்கில் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அப்பாவும் உள்ளே இருந்த மற்றவர்களும் பிழைக்கவில்லை.

அம்மா என்னை அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டாள். மாமா மேடை ஏறுவதை விட்டுவிட்டார். ஜெராக்ஸ் கடையிலேயே கிடந்தார். மறு வருஷம் அவர் வந்திருந்தபோது அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "உனக்காக அவர் தொடையில தட்டினதெல்லாம் வீணாப் போகணுமா? போய்ப் பேசு."

அவர் போனார். ஒரு மாடி அறையில், கல்யாண வரவேற்பில், கம்பெனி ஆண்டு விழாவில், ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோன ஒரு மைதானத்தில் என்று பேசிப் பேசி, கடைசியில் வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

அந்த வானொலி அறையை நான் பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் முட்டை அட்டையைப் போலக் குழிகுழியான பஞ்சு. ஒரு மேசை, இரண்டு மைக், தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. மாமாவோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் முன்பு பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். மூலையில் ஒரு இரும்பு அலமாரியில் சின்ன கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. நேரலையில் யாரும் பேசாமல், எதுவும் ஒலிக்காமல் கொஞ்ச நேரம் போனால், நிலையம் செத்துவிட்டது என்று அந்தப் பெட்டி முடிவு கட்டிக்கொள்ளும். தானாகவே ஒரு புல்லாங்குழல் இசையை ஓடவிடும். அதற்குப் புல்லாங்குழல்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரை எழுப்பிவிடுவது அந்த வேலையில் பெரிய அவமானம். டீச்சர் இரண்டு முறை எழுப்பியிருக்கிறார். மாமா எழுப்பியதே இல்லை. "நான் இருக்கிற வரைக்கும் அவர் ரெஸ்ட்லதான் இருப்பார்" என்று பெருமையாகச் சொல்வார்.

வானொலியில் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் தொலைக்காட்சியில் அழைத்தார்கள். அந்த வாரத்துச் செய்திகளை வைத்து நாலு நகைச்சுவைப் பேச்சாளர்கள் கலாய்க்கிற நிகழ்ச்சி. பிறை வடிவ மேசை, தொகுப்பாளர் நடுவில், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. முதல் நாற்காலிக்காரர் பெரிய ஆள், ஊருக்கு ஊர் சுவரொட்டி ஒட்டுகிற அளவு. மாமாவுக்குக் கடைசி நாற்காலி. மூன்று மணி நேரம் பதிவு செய்து அரை மணியாக வெட்டுவார்கள். அந்த வெட்டில் மாமா பேசியது பெரும்பாலும் போய்விடும். சிரித்தது மட்டும் நிற்கும்.

வெறும் சிரிப்பு என்று அவர்கள் தொழிலில் ஒன்று இருக்கிறது. பார்வையாளர்களை உள்ளே விடுவதற்கு முன்பே, காலி அரங்கில் நாலு பேரையும் உட்காரவைத்து எதற்கும் இல்லாமல் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொள்வார்கள். இடப்பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு, வலப்பக்கம் பார்த்து ஒன்று, வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று, மேசையைத் தட்டி ஒன்று. பேச்சை வெட்டிய இடத்தில் ஒட்டு தெரியாமல் இருக்க, இந்தச் சிரிக்கிற முகத்தை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்கள். மற்ற மூவருக்கும் பத்துத் தரம் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒரு சொடக்கு போதும், பம்பு கொட்டிவிடும். "அண்ணே, நீங்க இல்லாம எங்களால கத்திரியே எடுக்க முடியாது" என்பார் எடிட்டர். மாமா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த நிகழ்ச்சி வரும். அம்மா கடையிலேயே டிவியைப் போட்டுவிட்டு, மடியில் துணியை வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். கடைசி நாற்காலியைக் காட்டினால் மட்டும் நிமிர்வாள்.

அந்த வாரம் வேறு ஏதோ ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் விஷவாயு கசிந்து தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். செய்தி வந்தபோதே அம்மா பேப்பரை மடித்து மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டாள். நிகழ்ச்சியில் தொகுப்பாளர் அதை எடுத்தார். முதல் நாற்காலிக்காரர் முன்னால் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"காய்கறியை வச்சா ஆறு மாசம் தாங்குது. ஆளை வச்சா அரை நாள் தாங்கல. தப்பு கிடங்கு மேல இல்லீங்க, சரக்கு மேல."

அடுத்த நொடி திரை முழுக்க மாமா. வெறுங்காற்று, தோள் ஏற்றம், பிறகு குபுகுபுவென்று சிரிப்பு. மேசையை வேறு தட்டினார்.

அம்மா ஊசியைத் துணியிலேயே குத்திவைத்தாள். "அமத்து" என்றாள். நான் அணைத்தேன். தைக்கக் கொடுத்ததை வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா துணியை வாங்காமலே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாமாவின் அழைப்பை அம்மா எடுக்கவில்லை. காலையில் வானொலியும் போடவில்லை. நான்தான் எடுத்தேன்.

"மாப்ள, நான் சிரிக்கல."

"பார்த்தோமே மாமா."

"சிரிச்சது நான்தான். ஆனா அதுக்குச் சிரிக்கல."

"வேற எதுக்குச் சிரிச்சீங்க?"

"எதுக்குமே இல்லடா" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "நேர்ல வரேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலை முதல் பேருந்தில் வந்தார். அம்மா மிஷினை விட்டு எழவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மாமா வாசற்படி அருகிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியை அவள் முன் நீட்டினார். வெட்டாத பதிவை எடிட்டரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"முதல்ல டிவியில வந்ததைப் பாருக்கா. என் முன்னாடி மேசையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"இப்ப நிஜமா நடந்ததைப் பாரு. எல்லார் முன்னாடியும் தண்ணிக் கோப்பை இருக்கா? ஜனங்க வந்த பிறகுதான் கோப்பை வைப்பாங்க. கோப்பை இல்லாத சிரிப்பு எல்லாம் காலி ஹால்ல, யாரும் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. அந்தப் பையன் அதை எடுத்து இங்க ஒட்டிட்டான். கேட்டேன். 'அண்ணே, நான் ஜோக்கையே கவனிக்கல, ஒட்டு தெரியக் கூடாதுன்னு மட்டும்தான் பார்த்தேன்'ங்கறான். அவனைத் திட்டவும் முடியல. அவங்க அப்பா எந்தக் கிடங்குலயும் சாகல."

அம்மா கைப்பேசியைக் கையில் வாங்கிக்கொண்டாள். வெட்டாத பதிவில் முதல் நாற்காலிக்காரர் அதையே சொல்கிறார். கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. முகம் தொங்கிப்போயிருக்கிறது. மேசையையே பார்க்கிறார். பிறகு கோப்பையை எடுத்து, வாயில் வைத்து, மெதுவாகக் குடிக்கிறார். அதற்குள் தொகுப்பாளர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

அம்மா இரண்டு தரம் பார்த்தாள்.

"சரி. நீ சிரிக்கல."

மாமா பெருமூச்சு விட்டார்.

"அப்ப என்ன பண்ணின?"

மாமா அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தார். கைப்பேசியிலேயே பதில் இருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். அவன் அப்படிச் சொன்னப்ப நீ என்ன பண்ணின?"

"தண்ணி குடிச்சேன் அக்கா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் உன்கிட்ட வார்த்தை இருக்கு. மழை வரலைன்னா பேசற, பஸ் வரலைன்னா பேசற. அவருக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா உன்கிட்ட? அவர் சொன்னதே ஒண்ணு இருந்துச்சே."

"மச்சான் அதை மேடையில சொல்லக் கூடாதுன்னு சொன்னாரே. அதுதான் அப்ப தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவர் பேச்சை மீறக் கூடாதுன்னு..."

"அவர் சொன்னார். இப்ப நான் சொல்றேன். போய்ச் சொல்லு." துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள். "அதைச் சொல்லிட்டு இந்தப் படி ஏறு. சொல்ல முடியலைன்னா, இங்க உனக்கு வேலை இல்ல."

வந்த பேருந்து திரும்பிப் போகும்போது அதிலேயே மாமாவும் போனார். காபிகூடக் குடிக்கவில்லை. அம்மா கொடுக்கவும் இல்லை.

அடுத்த பதிவில் என்ன நடந்தது என்பதை அவரே பின்னால் சொன்னார். காலி அரங்கில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் சொடக்குப் போட்டார். மாமா சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்க முறை."

"வரல தம்பி."

எல்லாரும் அதையே ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுபடியும் சொடக்கு. மாமா கையைக் கட்டிக்கொண்டார். மேலே கண்ணாடி அறையிலிருந்து தயாரிப்பாளரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"என்ன அண்ணே, பேச எங்களுக்கு மூணு பேர் இருக்காங்க. உங்களை நாங்க கூப்பிடறதே இதுக்குத்தானே."

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை என்பார் மாமா. நெடுநாள் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னார், அவ்வளவுதான். தனக்கு மட்டும்தான் அது அன்றைக்குத் தெரிந்தது என்றார்.

"சிரிக்கறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வாரக் கிடங்கு விஷயத்துல எனக்கு ஒரு நிமிஷம் வேணும். பதில் சொல்லணும்."

"தாராளமாப் பேசுங்க. எடிட்டுல பாத்துக்கலாம்."

எடிட்டில் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று மாமாவைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அரங்கில் இல்லை. சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதல் நாற்காலிக்காரரிடம் "வரேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவர் "டீக்கா?" என்று கேட்டாராம்.

அன்று மாலை என்னைக் கைப்பேசியில் அழைத்தார்.

"மாப்ள, நாளைக்குக் காலையில அக்கா கடையில ரேடியோவைப் போட்டு வை. அவ கேக்கலைன்னாலும் பரவாயில்ல. ஓடட்டும்."

மறுநாள் நான் போட்டேன். அம்மா அணைக்கச் சொல்லவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான பேச்சு: போக்குவரத்து, வானிலை, ஒரு நேயர் தன் மாமியாருக்குச் சொன்ன வாழ்த்து. பிறகு டீச்சர், "என்ன, இன்னைக்கு ரொம்ப அடக்கமா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கு என்கிட்ட சொந்தச் சரக்கு இல்ல டீச்சர். எங்க மச்சானோட ஜோக் ஒண்ணு இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அவர் குளிர்பதனக் கிடங்குல வேலை பார்த்தார். உள்ள நின்னவர். வெளிய நிக்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தடை போட்டிருந்தார். இப்ப எங்க அக்கா அந்தத் தடையை எடுத்துட்டா. அதனால அவர் சொன்ன மாதிரியே சொல்றேன்."

மிஷின் நின்றது.

"வேலை எப்படிப் போகுதுன்னு யாராவது கேட்டா அவர் சொல்வார்: 'அடுத்த பிறவியில நான் உருளைக்கிழங்காப் பொறக்கணும்ங்க. எங்க முதலாளி மணிக்கொரு தரம் வந்து, ஒவ்வொரு மூட்டையா சூடு பாக்கற கம்பியை விட்டு, இதுக்குக் குளிருதா, இதுக்குப் புழுங்குதான்னு பார்ப்பார். ஒரு கிழங்குக்கு முகம் வாடினாக்கூட அவருக்குச் சோறு இறங்காது. நானும் பக்கத்துலயேதான் நிக்கறேன். என்னையும் ஒரு மூட்டைன்னு நினைச்சு ஒருநாள் பார்த்துடுவார்னு, கோட்டு மேல சாக்குகூடப் போட்டுப் பார்த்துட்டேன்.'"

டீச்சர் சிரிக்கத் தொடங்கியது கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

"அந்தக் கிடங்குல குழாய் வெடிச்சப்ப அவர் உள்ளதான் இருந்தார்" என்றார் மாமா. "போன வாரம் டிவியில இப்படிச் செத்தவங்களை வச்சு ஒரு ஜோக் வந்துச்சு. அதுக்கு நான் சிரிக்கிற மாதிரி வந்துச்சு. நான் சிரிக்கல. ஆனா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். தண்ணி குடிச்சேன். அப்ப சொல்லியிருக்க வேண்டியதுதான் இது."

அதன் பிறகு அவர் பேசவில்லை. டீச்சரும் பேசவில்லை. வானொலியில் ஒன்றுமே இல்லை. கடையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அலைவரிசை போய்விட்டதோ என்று நான் குமிழைத் தொடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது புல்லாங்குழல் தொடங்கியது.

மாமா எழுப்பிய முதல் புல்லாங்குழல் அது. அதை அவர் நிறுத்தவில்லை. முழுதாக ஓடி முடிந்தது.

அம்மா மூக்கைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். நூல் அறுந்திருந்ததைப் பார்த்துத் திரும்பக் கோத்தாள்.

"உங்கப்பா அதைச் சொல்றப்ப நடுவுல இருமுவார்" என்றாள். "சாக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி. இவன் இருமாம சொல்லிட்டான்."

"அதைச் சொல்லட்டுமா மாமாகிட்ட?"

"வரச் சொல்லு. வந்தா நானே சொல்லிக்கறேன்."

மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். படி ஏறும்போது செருப்பை வழக்கத்தைவிட நிதானமாகக் கழற்றினார். அம்மா காபி கொடுத்துவிட்டு, இருமல் எந்த இடத்தில் வரும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

தொலைக்காட்சியிலிருந்து அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. வானொலியில் புல்லாங்குழல் ஓடியதற்கு விளக்கம் கேட்டார்கள். டீச்சர் தானும் சேர்ந்து பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். இப்போதும் காலையில் இருவரும்தான் பேசுகிறார்கள்.

அந்த நிகழ்ச்சி இன்னும் வருகிறது. கடைசி நாற்காலியில் வேறொரு பையன். பழைய பகுதிகளை வெட்டிச் சேர்த்து அவ்வப்போது மறுஒளிபரப்பு செய்வார்கள். அதில் மாமாவின் சிரிப்பு திடீரென்று வரும். எடுத்து வருஷங்கள் ஆனாலும் கெடாமல், எடுத்த அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. அம்மா டிவியை அணைக்கச் சொல்வதில்லை. ஊசியை நிறுத்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், முன்னால் இருக்கிற மேசையைப் பார்ப்பாள்.

"கோப்பை இல்ல" என்பாள். பிறகு ஓரம் அடிக்கத் தொடங்குவாள்.